தவளக்குப்பத்து ஒன்பதாம் குழி

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு நூலகம் வருவதற்கு முன்பே கோல்ஃப் மைதானம் வந்துவிட்டது. இதைச் சொன்னால் முதலியார்பேட்டையில் ஒருவரும் நம்பவில்லை. "பொஸ்தகம் வைக்க எடம் இல்ல, பந்து வைக்க எடமா?" என்று என் அம்மா குஞ்சம்மாள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அதே மாதிரிக் கேள்வியைத் துணைவேந்தரும் கேட்க ஆரம்பித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்குச் சட்டென்று பற்றிக்கொள்ளும். பெயர் தையல்நாயகி. பெயரில் இருக்கிற பொறுமை ஆளிடம் இல்லை என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அப்போது எம்.ஏ. பொருளாதாரம் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு. கடலூர் ரோட்டில் தவளக்குப்பத்தைத் தாண்டி இறங்கி, சவுக்குத் தோப்புக்குள் நடந்தால் எங்கள் பல்கலைக்கழகம். வகுப்புகள் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் நடந்தன. கொட்டகைக்குப் பின்னால் பனைமரங்களும் செம்மண்ணும் ஆடுகளுமாகக் கிடந்த மேட்டுநிலம்தான் மைதானம்.

அதை உண்டாக்கியவர் எங்கள் உடற்கல்வி இயக்குநர் கோவிந்தராசு சார். உப்பளத்துக்காரர். தொப்பை முன்னால் வரும், விசில் அதற்குப் பின்னால் வரும். கிரிக்கெட்டுக்கும் ஃபுட்பாலுக்கும் எல்லாரும்தான் மைதானம் போடுகிறார்கள், நாம் கோல்ஃப் போட்டால் அகில இந்தியப் போட்டியில் நம் பெயர் வரும், ஏனென்றால் ஆடுகிற பல்கலைக்கழகங்களே குறைச்சல் என்பது அவர் கணக்கு. அதில் தப்பே சொல்ல முடியாது. இளவயதில் என்.சி.சி. முகாமுக்காக மலைமேல் வெலிங்டனுக்குப் போனபோது, அங்கே ராணுவ அதிகாரிகள் கோல்ஃப் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று தினமும் பார்த்திருக்கிறார். இடுப்பை எப்படித் திருப்புவது, மட்டையை எப்படிப் பிடிப்பது, பந்திலிருந்து கண்ணை எடுக்காமல் எப்படி அடிப்பது எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் குழி இருக்கிற இடம் வேலியிலிருந்து வெகுதூரம். அங்கே போன பிறகு அதிகாரிகள் குனிவதும் நிமிர்வதும்தான் தெரிந்ததாம். இதை அவர் எங்களிடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

புல் வளர்க்கத் தண்ணீர் கிடையாது. அதனால் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் வட்டமாக ஆற்றுமணலைக் கொட்டி, பஸ் டிப்போவிலிருந்து கழிவு ஆயில் வாங்கிவந்து கலந்து, உருளை போட்டு இறுக்கினார்கள். மற்ற ஊர்களில் பச்சைப் புல் இருக்கிற இடத்துக்கு கிரீன் என்று பெயர். எங்களுடையதற்கு பிரவுன். நாங்களே வைத்துக்கொண்ட பெயர் என்று நினைத்தோம், பிறகு பார்த்தால் தண்ணீர் இல்லாத எல்லா ஊரிலும் அதுதான் பெயராம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் புடவை முழுக்க ஆயில் வாசனை. "நீ காலேஜிக்குப் போறியா, லாரி ஷெட்டுக்குப் போறியா?" என்று அம்மா மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.

அந்த வாசனை எனக்குப் பிடித்திருந்தது. ஏன் என்று சொல்ல என் அப்பாவிடம் போகவேண்டும்.

அப்பா ராஜாங்கம் மில்லில் தறி ஓட்டுகிறவர். காலை ஷிப்ட் முடிந்தால் நேராக சைக்கிளை உப்பளத்துக்கு விடுவார். அங்கே பெத்தாங்க் களம். புதுச்சேரிக்காரர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரன் விட்டுவிட்டுப் போன ஆட்டம். சின்ன மரக்குண்டு ஒன்றைத் தூரத்தில் போட்டுவிட்டு, அதற்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே இரும்புக் குண்டை எறிந்து நிறுத்த வேண்டும். இதற்கு வைக்கிறது என்று பேர். எதிராளி நமக்கு முன்னால் கிட்டே வைத்துவிட்டானா? அவன் குண்டின்மேல் நம் குண்டை எறிந்து அதைத் துரத்திவிடலாம். இதற்கு அடிக்கிறது என்று பேர். அவன் குண்டு பறந்துபோய், அது இருந்த அதே இடத்தில் நம் குண்டு உட்கார்ந்துவிட்டால் அதுதான் காரோ. காரோ விழுந்தால் உப்பளமே எழுந்து கத்தும். அன்றைக்கு டீ யார் வாங்கித் தருவது என்று யாரும் கேட்க மாட்டார்கள், தோற்றவன் தானாகவே எழுந்து போவான்.

நான் பிறந்ததிலிருந்து பார்த்த ஆட்டம் அது. பார்க்க மட்டும்தான். பெண்கள் ஆடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எந்தப் பெண்ணும் களத்துக்குள் கால் வைத்ததில்லை, அவ்வளவுதான். சொன்னால்கூடச் சண்டை போடலாம், சொல்லாததோடு எப்படிச் சண்டை போடுவது? அப்பா ஷிப்டுக்குப் போனபிறகு அவர் குண்டுகளை எடுத்துக் கொல்லைப்புறத்தில் எறிந்து பழகினேன். அடிப்பதை மட்டும்தான் பழகினேன். கிட்டே கொண்டுபோய் மெதுவாக வைக்கிற வேலையெல்லாம் எனக்கு ஆகாது. அம்மாவின் நீர்த்தொட்டி உடைந்த அன்று அப்பா குண்டைக் கையில் எடுத்துப் பார்த்து, "இதுக்கு அடிக்கத்தான் தெரியும், வைக்கத் தெரியாது" என்றார். குண்டைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு குண்டுகள் பீரோவுக்குப் போய்விட்டன.

இதனால்தான் கோவிந்தராசு சார் அணிக்கு ஆள் தேடியபோது நான் முதலில் கைதூக்கினேன். நாலு பேர் வேண்டும். முருகையன், கலீலுல்லா, கன்னியப்பன் என்று மூன்று பையன்கள் வந்தார்கள். நாலாவது ஆள் ஆணா பெண்ணா என்று போட்டி நடத்துகிறவர்கள் கேட்கவில்லை, சாரும் சொல்லவில்லை. ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு பிரெஞ்சுக் குடும்பம் கொடுத்துவிட்டுப் போன பழைய மட்டைகளை ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்தார். முதல்முறை பந்து மட்டையில் பட்டுப் பனைமரத்துக்கு மேலே போனபோது நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். இருபத்திரண்டு வயதில்தான் எனக்கென்று ஒரு களம் கிடைத்தது.

அந்தக் களத்துக்குத்தான் துணைவேந்தர் உலை வைத்தார்.

அவர் கெட்டவர் இல்லை. இதை இப்போது சொல்கிறேன், அப்போது சொல்லியிருக்க மாட்டேன். மாணவர்களுக்கு விடுதி கட்ட அவருக்கு இடம் வேண்டியிருந்தது. மேட்டுநிலம்தான் மழைக்குத் தண்ணீர் நிற்காத இடம். கோவிந்தராசு சார் அவரிடம் போய் நின்றபோது நாங்களும் கூடப் போயிருந்தோம்.

"மண்டலப் போட்டியை நம்ம மைதானத்துல நடத்த ஒத்துக்கிட்டிருக்காங்க சார். நாலு ஊர்லேருந்து வர்றாங்க," என்றார் சார். வேறு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தேதி ஒத்துவரவில்லை என்பதை அவர் சொல்லவில்லை.

துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோவிந்தராசு, வர்றவங்க ஆடுறதுக்கு நான் மைதானம் வெச்சிருக்க முடியாது. நம்ம பிள்ளைங்க ஆடுறாங்களா? ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டுங்க, மைதானம் இருக்கட்டும். இல்லன்னா திங்கக்கிழமை கொத்தனார் வந்து கயிறு கட்டுவாரு."

"ஜெயிச்சிருவோம் சார்," என்றேன் நான், யாரும் கேட்காமலே. வெளியே வந்ததும் முருகையன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏன் தையலு, வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா?"

"இருக்க மாட்டேன்," என்றேன்.

போட்டியன்று காலை கடலூர் ரோட்டு டவுன் பஸ் எங்கள் நிறுத்தத்தில் நின்றபோது, படிக்கட்டிலிருந்து உப்பளமே இறங்கியது. கோவிந்தராசு சார் தன் பெத்தாங்க் கூட்டாளிகள் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார். தோளில் துண்டு, மடித்துக் கட்டிய வேட்டி, கையில் டிபன். நடுவில் என் அப்பா. நான் கோல்ஃப் ஆடுவது அவருக்குத் தெரியும், ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. "கோவிந்தராசு கூப்ட்டான், வந்தேன்," என்று என்னைப் பார்க்காமல் சொன்னார்.

எங்களுக்கு முதல் சுற்றில் கோயமுத்தூர் அணி. நாலு பேருக்கு நாலு பேர், தனித்தனி ஆட்டம். ஒவ்வொரு குழியிலும் குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் போட்டவருக்கு அந்தக் குழி சொந்தம். ஒன்பது குழி முடிந்ததும் யாரிடம் அதிகக் குழி இருக்கிறதோ அவருக்கு வெற்றி. கோயமுத்தூர்க்காரர்கள் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், கையில் உறை எல்லாம் போட்டுக்கொண்டு வந்தார்கள். பிரவுனைப் பார்த்ததும் ஒருவன் குனிந்து தொட்டு முகர்ந்து பார்த்தான். முகர்ந்தவன் முகம் போன போக்கு எங்களுக்கு அன்றைய முதல் சந்தோஷம்.

சந்தோஷம் அத்தோடு சரி. முருகையன் பாதி ஆட்டத்திலேயே தோற்றான். கலீலுல்லாவின் பந்து பனைமரத்தின் காய்ந்த மட்டைக்குள் சொருகிக்கொண்டு கீழே வரவே இல்லை, அவனும் அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. கன்னியப்பன் நன்றாகத்தான் ஆடினான், எதிரே ஆடியவன் இன்னும் நன்றாக ஆடினான். மூன்று பேரும் தோற்று வந்து பனை நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். அங்கேதான் துணைவேந்தரும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மிச்சம் நான் மட்டும்.

எனக்கு எதிரே நஞ்சப்பன் என்ற பையன். மில் முதலாளி வீட்டுப் பிள்ளையாம். மில்லில் தறி ஓட்டுகிறவர் மகளுக்கு இதைவிட நல்ல எதிராளி கிடைப்பானா என்று கறுவிக்கொண்டுதான் ஆரம்பித்தேன். ஆனால் அந்தப் பையன் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசினான். நான் நன்றாக அடித்தால் "அருமைங்க" என்றான். இப்படிப்பட்டவனோடு கோபமாக ஆடுவது பெரிய கஷ்டம்.

அவன் செய்த ஒரே ஒரு காரியம்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது. பந்து பிரவுனுக்கு வந்து சேர்ந்ததும், அது இருந்த இடத்தில் ஒரு காசை வைத்துவிட்டுப் பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வான். நான் ஆடி முடித்த பிறகு மறுபடி அதே இடத்தில் வைப்பான். கோயமுத்தூர்க்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் செய்தார்கள். கன்னியப்பனிடம்கூட ஒருவன் "பந்தைக் கொஞ்சம் எடுத்துக்கறீங்களா?" என்று கெஞ்சினானாம். எங்களுக்கு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. நாங்கள் அடித்துவிடுவோம் என்று பயம்!

ஏனென்றால் எங்கள் மைதானத்தில் நாங்கள் அப்படித்தான் ஆடினோம். எதிராளி பந்து குழிக்குக் கிட்டே கிடந்தால் அதை அடித்துத் துரத்துவது. அந்த வேலியிலிருந்து தெரியாத பகுதியையெல்லாம் கோவிந்தராசு சார் உப்பளத்திலிருந்து எடுத்து நிரப்பியிருந்தார். அவருக்கே அது தெரியாது. குழி என்றால் என்ன, மரக்குண்டு என்றால் என்ன, எல்லாம் ஒன்றுதானே என்று மனதார நம்பினார்.

"பயந்தாங்கொள்ளிங்க," என்றார் அப்பாவின் கூட்டாளி அம்மாவாசை, எல்லாருக்கும் கேட்கும்படி. "குண்ட எட்த்து ஜோபில போட்டுக்கினா ஆட்டமாய்யா அது?"

எட்டு குழி முடிந்தபோது நானும் நஞ்சப்பனும் சமம். ஒன்பதாவதுதான் தீர்ப்பு.

அது கொட்டகைக்குப் பக்கத்திலேயே இருக்கிற குழி. என் முதல் அடி பனைமரங்களுக்கு நடுவே போய் விழுந்தது, இரண்டாவது அடியில் பந்து பிரவுனுக்கு வந்துவிட்டது. குழிக்கும் எனக்கும் ஓர் ஆள் படுக்கிற தூரத்துக்கு மேல். நஞ்சப்பன் தடுமாறி மூன்றாவது அடியில்தான் வந்து சேர்ந்தான், ஆனால் குழிக்கு இரண்டு முழத்தில் நிறுத்திவிட்டான். நான் இரண்டு அடியில் இருக்கிறேன், அவன் மூன்று. இந்த அடியில் நான் குழியில் போட்டால் மைதானம் எங்களுக்கு.

அவன் பந்து என் வழியில் கொஞ்சம் ஓரமாகக் கிடந்தது. காசை எடுத்துக்கொண்டு குனியப் போனவன், நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "உங்களுக்கு இடைஞ்சலா இருக்குதுங்களா? எடுத்துக்கட்டுங்களா?"

வகையாக மாட்டினான் என்று எனக்குள்ளே குதித்தது. "எதுக்குங்க? இருக்கட்டும், இருக்கட்டும்," என்றேன், தேன் ஒழுக.

அவன் தலையாட்டிவிட்டு ஒதுங்கி நின்றான். அந்தச் சின்ன இடைவெளியில் நான் பந்தைச் செருகிவிடுவேன் என்று நம்பியிருக்கிறான், பாவம். உருட்டு மட்டையை எடுத்தேன். உப்பளத்து ஆட்களுக்கு அதுவரை நடந்த கோல்ஃப் ஒன்றும் புரியவில்லை. இப்போது எல்லாம் புரிந்தது. அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து முறுக்குவதை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

குழியை நான் பார்க்கவே இல்லை. பந்தைத்தான் பார்த்தேன். அடித்தேன்.

டக்கென்று ஒரு சத்தம். நஞ்சப்பனின் பந்து பிரவுனை விட்டே ஓடி, செம்மண்ணில் உருண்டு, ஓர் ஆட்டின் காலில் பட்டு நின்றது. அது இருந்த இடத்தில் என் பந்து ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"காரோ!"

அம்மாவாசை கத்தினார், அப்பா கத்தினார், உப்பளமே கத்தியது. "அலே, தையலு, அலே!" என்று களத்துப் பிரெஞ்சில் உசுப்பினார்கள். துண்டுகள் மேலே பறந்தன. கோவிந்தராசு சார் விசிலை வாயில் வைத்துக்கொண்டே குதித்ததால் ஒவ்வொரு குதிக்கும் ஒரு விசில் வந்தது. துணைவேந்தர் நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினார். "ஜெயிச்சாச்சா?" என்று முருகையனைக் கேட்டார். "அப்படித்தான் சார் நெனைக்கிறேன்," என்றான் அவன்.

கைதட்டாதவர்கள் கோயமுத்தூர்க்காரர்களும் நடுவரும் மட்டும்தான். நடுவர் மெட்ராஸிலிருந்து வந்தவர், வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர். மெதுவாக நடந்து வந்து என் பந்தைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, தெரியாம பட்டுதா?"

"தெரியாமலா? நல்லாக் குறி வெச்சு அடிச்சேன் சார்."

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இந்த மாதிரி ஆட்டத்துல இதுக்குத் தண்டனை கிடையாது. ஆனா அவர் பந்து இருந்த எடத்துக்கே திரும்பி வரணும். அது எங்க இருந்துச்சு?"

"என் பந்து இருக்கற எடத்துல."

"அதே எடத்துல?"

"அதே எடத்துல சார். காரோன்னா அதான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். எனக்கு வரவில்லை. "அப்ப நான் அடிச்சது?" என்று கேட்டேன்.

"உனக்கு ஒரு அடி செலவு. அவ்வளவுதான். இது கோல்ஃப்மா. இங்க எதிராளி பந்த யாரும் அடிக்கறதில்ல. குழியைத்தான் பாக்கணும்."

"அப்ப இவங்க ஏன் பந்த எடுத்து எடுத்து ஒளிச்சி வெச்சாங்க?"

நஞ்சப்பன்தான் பதில் சொன்னான். "ஒளிச்சு வெக்கலீங்க. உங்களுக்கு வழி விட்டோமுங்க."

வழி விட்டார்களாம்! காலையிலிருந்து நாங்கள் பயந்தாங்கொள்ளி என்று சிரித்தது இதைத்தான். பனை நிழலைத் திரும்பிப் பார்த்தேன். கலீலுல்லா முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டிருந்தான். கோவிந்தராசு சார் விசிலை வாயிலிருந்து எடுத்து, அதை முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. குழியைப் பார்த்து அடித்திருந்தால் ஜெயித்திருக்கலாம். ஜெயிக்க வேண்டிய அடியை ஓர் ஆட்டின் காலுக்கு அனுப்பிவைத்துவிட்டு நின்றேன். இப்போது இரண்டு பேரும் மூன்று அடி, இரண்டு பேருக்கும் ஒரே இடம்.

"எடத்துல அடையாளம் வெச்சுட்டு உன் பந்த எடும்மா. ஒரே தூரங்கறதால, யார் மொதல்லன்னு காசு சுண்டித்தான் பாக்கணும்," என்றார் நடுவர்.

அடையாளம் வைக்க என்னிடம் காசு இல்லை. நாங்கள் யாருமே வைத்திருக்கவில்லை, எதற்கு வைக்கப்போகிறோம்? நஞ்சப்பன் தன் காசை நீட்டினான். "இதை வெச்சுக்கோங்க." வாங்கி வைத்தேன்.

நடுவர் சுண்டினார். நஞ்சப்பன் முதலில் என்று வந்தது.

ஆட்டிடமிருந்து பந்து மீண்டு வந்தது. துடைத்து, இடத்தில் வைத்து, குனிந்தான். காலையிலிருந்து எங்கள் மணல் அவன் பந்தையெல்லாம் பாதி வழியில் பிடித்து நிறுத்தியிருந்தது. அதனாலோ, அல்லது நான் அடித்த அடியைப் பார்த்த வேகத்திலோ, இந்த முறை ஒரு சுண்டு கூடுதலாகக் கொடுத்துவிட்டான். பந்து குழியின் விளிம்பைத் தடவிக்கொண்டு அந்தப் பக்கம் போய் ஒரு சாண் தள்ளி நின்றது. உப்பளம் பெருமூச்சு விட்டது.

என் பந்தை வைத்தேன். இரண்டு முழம். குழிக்குப் பின்னால், பளபளவென்று, நேர் எதிரே அவன் பந்து.

"அடி தையலு!" என்று பின்னாலிருந்து அம்மாவாசை. நடுவர் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. "கண்ணுக்கு நேரா கெடக்குது பார், அடிச்சித் தள்ளு!" இன்னும் நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன. பொய் சொல்லமாட்டேன், எல்லாம் தெரிந்த பிறகும் என் கை அந்தப் பந்தைத்தான் கேட்டது.

நஞ்சப்பன் என் பக்கம் வந்து கையை நீட்டினான். "அந்தக் காசைக் கொடுக்கறீங்களா?"

கொடுத்தேன். அவன் போய்த் தன் பந்து இருந்த இடத்தில் காசை வைத்துவிட்டு, பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, நிழல்கூட என் வழியில் விழாதபடி தள்ளி நின்றான். இனி அடிக்க ஒன்றும் இல்லை. மணலும் குழியும் மட்டும்தான். இருபத்திரண்டு வருடமாக எதையாவது அடித்துத் துரத்தித்தான் எனக்கு இடம் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவன் தானாக ஒதுங்கி எனக்கு வழி விடுவது அன்றைக்குத்தான் முதல்முறை.

மெதுவாக, மெதுவாக என்று எனக்குள்ளே கத்திக்கொண்டிருந்த அம்மாவாசையிடம் சொல்லிக்கொண்டேன். வெளியே நின்ற அம்மாவாசையும் அடங்கிவிட்டார். யாரோ அதட்டியிருக்க வேண்டும்.

மட்டையால் பந்தைத் தொட்டேன். அடித்தேன் என்று சொல்ல முடியாது. அது ஆயில் மணலில் சின்னக் கோடு போட்டுக்கொண்டே போய், குழியின் விளிம்பில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, விழுந்தது.

இந்த முறை கத்தலாமா கூடாதா என்று தெரியாமல் உப்பளம் நடுவரைப் பார்த்தது. அவர் தொப்பியை எடுத்து எனக்கு ஆட்டினார். "ஆட்டம் பொண்ணுக்கு!"

பிறகு கத்தினார்கள். கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் அதிர்ந்தது. துணைவேந்தர் என்னிடம் வந்து, "ரெண்டாந்தடவ ஜெயிச்சியா?" என்று கேட்டார். "இல்ல சார், இதுதான் மொதல்," என்றேன். அவர் ஒன்றும் விளங்காமல் கைகுலுக்கினார். ஆனால் வாக்குத் தவறவில்லை. திங்கட்கிழமை வந்த கொத்தனார் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கயிறு கட்டினார். பிற்பாடு வந்த நாலைந்து வருடமும் மண்டலப் போட்டி எங்கள் மைதானத்தில்தான் நடந்தது. கிரீனில் பழகியவர்கள் எல்லாரும் எங்கள் பிரவுனுக்கு வந்து கண்ணைக் கசக்கினார்கள். நாங்கள் அவர்கள் ஊருக்குப் போனால் புல்லில் வழுக்கித் தோற்றுவிட்டு வருவோம், அது வேறு கதை. அந்த வருடக் கோப்பையும் கோயமுத்தூருக்குத்தான் போனது. எங்களுக்கு ஒரு ஆட்டம் போதுமானதாக இருந்தது.

அன்று சாயங்காலம் கோயமுத்தூர்ப் பையன்கள் ஊர் திரும்பவில்லை. காரோ என்றால் என்ன என்று நஞ்சப்பன் விடாமல் கேட்டதால், கோவிந்தராசு சார் அவர்களை உப்பளத்துக்கு அழைத்துப்போனார். வெள்ளைப் பேண்ட் எல்லாம் செம்மண்ணாகிவிட்டது. நஞ்சப்பன் எறிந்த முதல் குண்டு பக்கத்து டீக்கடைப் பெஞ்சின்மேல் விழுந்தது. அவன் கடைக்காரரிடம் "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே இவனுக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

நான் வழக்கம்போலக் களத்துக்கு வெளியே, சைக்கிள்கள் நிற்கிற இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். துண்டால் ஒரு குண்டைத் துடைத்தார். துடைத்த குண்டையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அந்தக் கடைசி அடி," என்றார்.

"ம்."

"நல்லா வெச்ச."

நான் பக்கத்து சைக்கிளின் மணியைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"நம்ம செட்ல அடிக்கிறவன் நெறைய கீறான். அம்மாவாசைக்கு அத்தத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. வைக்கிறதுக்குத்தான் ஆள் இல்ல," என்றார். குண்டை என் கையில் கொடுத்துவிட்டு, களத்தில் நின்றவர்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா. எம் பொண்ணுக்கு வழி வுடுங்க."